கிட் புல் மறுக்கிறது, பாதி வேலை கையில். கமிட் பண்ணாத மாற்றங்களை எப்படிக் காப்பாற்றுவது?

குயின்_ஸ்ட்ரீட் | பினாங்கு | செவ்வாய், மாலை 4.10

வணக்கம். ஜார்ஜ்டவுனில் சின்ன அலுவலகம், ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் பில் போடும் மென்பொருள் செய்கிறோம். வரிக் கணக்குப் பகுதி இப்போது என் கையில். சேவை வரி 6 விழுக்காடு என்பதை முன்பு இருந்தவர்கள் கோடில் நேரடியாக எண்ணாகவே அடித்து வைத்திருக்கிறார்கள். 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு அது 8 ஆகிவிட்டது. சாப்பாடு, பானம் மாதிரி சிலவற்றுக்கு 6-ஆகவே நின்றுவிட்டது. ஒரே ஹோட்டல் பில்லில் அறைக்கு 8, நாசி லெமாக்குக்கு 6. இதற்கு இதுவரை அங்கங்கே ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வகைக்குத் தகுந்த விகிதம் எடுக்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். பல கோப்புகளில் கை வைத்தாயிற்று, புதிதாகவும் சில கோப்புகள் உண்டு. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கக் கிட் என்ற கருவியைத்தான் பயன்படுத்துகிறோம். எதுவும் இன்னும் அதில் கமிட் (பதிவு) ஆகவில்லை, வேலை பாதியில் நிற்கிறது.

இன்று எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்சில் (கிளையில்) வேறொருவர் பெரிதாக ஏதோ ஏற்றியிருக்கிறார். அதை என் கணினிக்கு இறக்க கிட் புல் அடித்தால், உன் மாற்றங்கள் மெர்ஜில் (இணைப்பில்) அழிந்துபோகும், முதலில் கமிட் செய் அல்லது ஸ்டாஷ் செய் (தற்காலிகமாக ஒதுக்கி வை) என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பக்கத்து மேசைக்காரர் "ரீசெட் ஹார்ட் அடிச்சிட்டு புல் பண்ணுலா, கிளீனா வரும்" என்கிறார். கிளீனாக வரும் சரி, என் வேலை வருமா? கை வைக்கும் முன் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா | கோலாலம்பூர் | மாலை 4.17

தம்பி, ரீசெட் ஹார்ட் பக்கமே போகாதீர்கள். புல் மறுத்தது உங்கள் நல்லதுக்குத்தான். நீங்கள் திருத்தி வைத்த அதே கோப்பை மெயினிலும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். உங்களுடையதன் மேல் அதை எழுதினால் உங்களுடையது போய்விடும் என்று தெரிந்து கிட் கையைக் கட்டிக்கொண்டது. இதுவரை ஒரு வரிகூடக் கெடவில்லை.

முதல் வேலை: எடிட்டரில் எல்லாவற்றையும் சேவ் செய்யுங்கள். அப்புறம் புராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே, உள்ளே மறைந்திருக்கும் .கிட் ஃபோல்டரும் சேர்த்து, வேறு இடத்தில் ஒரு நகல் போடுங்கள். அனுபவசாலிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிறகு டெர்மினலில் (ஆங்கிலத்தில்தான் தட்டப்போகிறீர்கள், இங்கே படிக்கச் சுலபமாக இப்படி எழுதுகிறேன்):

கிட் ஸ்டேட்டஸ்
கிட் ஸ்விட்ச் -சி வரி-வகை
கிட் ஆட் -ஏ
கிட் ஸ்டேட்டஸ்
கிட் கமிட் -எம் "பாதி வேலை: வரி வகைப்படி"

ஸ்விட்ச் -சி புது பிராஞ்சைத் திறக்கும், உங்கள் மாற்றங்களும் கூடவே வந்துவிடும். இரண்டாவது ஸ்டேட்டஸை வேண்டுமென்றேதான் போட்டேன். ஆட் -ஏ கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளும். பாஸ்வேர்டு இருக்கும் .என்வ் கோப்பு, சோதனைக்கு எடுத்த வாடிக்கையாளர் பில் என்று ஏதாவது பட்டியலில் வந்திருந்தால் கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு என்று எழுதி அந்தக் கோப்பின் பெயரைப் போட்டால் வெளியே வந்துவிடும், கோப்பு டிஸ்கில் அப்படியே இருக்கும்.

ஸ்விட்ச் கட்டளை இல்லை என்று சொன்னால் உங்கள் கிட் 2019 ஆகஸ்டில் வந்த 2.23-க்கும் பழையது. அப்போது கிட் செக்அவுட் -பி.

இது முடிந்ததும் கிட் ஃபெட்ச், அதற்கு மேல் கிட் மெர்ஜ் ஒரிஜின்/மெயின் (சர்வரில் இருக்கும் மெயின்). கான்ஃப்ளிக்ட், அதாவது ஒரே இடத்தை இருவரும் மாற்றிய முரண், வரலாம். வந்தால் இங்கே போடுங்கள்.

---

பட்டர்வொர்த்_பெர்ரி | பினாங்கு | மாலை 4.25

இவ்வளவு எதற்கு? கிட் ஸ்டாஷ், கிட் புல், கிட் ஸ்டாஷ் பாப். மூன்று வரி. தினமும் இதைத்தான் செய்கிறேன். சோம்பேறிகளுக்கு ஒரே வரியிலும் உண்டு: கிட் புல் --ஆட்டோஸ்டாஷ். பாதி வேலையை கமிட் போட்டு வரலாற்றை ஏன் அசிங்கப்படுத்த வேண்டும்?

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | மாலை 4.41

பெர்ரி அண்ணே, கேள்வியைச் சரியாகப் படியுங்கள். புதிய கோப்புகள் உண்டு என்று எழுதியிருக்கிறார். சும்மா ஸ்டாஷ் அடித்தால் கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்புகளின் மாற்றம் மட்டும்தான் உள்ளே போகும், புதுக் கோப்பு வெளியே நிற்கும். புல் எடுக்கும்போது அதே பெயரில் மெயினிலும் ஒரு கோப்பு வந்தால் மறுபடி முட்டிக்கொண்டு நிற்பார்.

ஸ்டாஷ்தான் வேண்டும் என்றால் இப்படி:

கிட் ஸ்டாஷ் புஷ் -யு -எம் "வரி வகைப்படி, பாதி"

-யு போட்டால் புதுக் கோப்பும் சேரும். -ஏ மட்டும் போட்டுவிடாதீர்கள். கிட்இக்னோரில் (கிட் கவனிக்க வேண்டாத கோப்புகளின் பட்டியலில்) இருப்பதையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்: .என்வ், நோட் மாட்யூல்ஸ், எல்லாம். அப்புறம் சர்வர் ஏன் எழவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

என் கணக்கில் ஸ்டாஷ் என்பது வீட்டு ஸ்டோர் ரூம். போட்டது போட்டபடி கிடக்கும். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். எங்கள் டீமில் ஒரு பையனின் ஸ்டாஷ் லிஸ்ட் திரையைத் தாண்டிப் போகிறது, ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எந்த பிராஞ்சில், எந்த கமிட்டின் மேல் போட்டது என்று கிட் ஒரு வரி தானே எழுதி வைக்கும், உண்மைதான். எதற்காகப் போட்டோம் என்பதை அது எங்கே எழுதும்?

கமிட் போட்டால் வரலாறு அசிங்கமாகும் என்பது பழைய பயம். உங்கள் பிராஞ்ச், இன்னும் புஷ் பண்ணவில்லை (சர்வருக்கு ஏற்றவில்லை). வேலை முடிந்ததும் கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1 அடித்தால் அந்தக் கமிட் மட்டும் கழன்றுவிடும், மாற்றங்கள் அத்தனையும் கையில் இருக்கும், ஒழுங்காக மறுபடி கமிட் போடலாம். நடுவில் மெர்ஜ் செய்துவிட்டீர்கள் என்றால் அதைக் கழற்ற வேண்டாம். கடைசியில் புல் ரிக்வெஸ்டில் (மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) ஸ்குவாஷ் போட்டால் மெயினுக்கு ஒரே கமிட்டாகத்தான் போகும்.

---

பட்டர்வொர்த்_பெர்ரி | பினாங்கு | மாலை 4.52

புதுக் கோப்பு விஷயம் சரி, -யு வேண்டும். மற்றபடி ஸ்டாஷை இவ்வளவு திட்ட வேண்டியதில்லை. பாப் செய்யும்போது (ஒதுக்கியதைத் திரும்ப எடுக்கும்போது) கான்ஃப்ளிக்ட் வந்தால் கிட் அந்த ஸ்டாஷை நீக்காது, லிஸ்டில் அப்படியே வைத்திருக்கும். வேலை தொலையாது.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | மாலை 5.03

தொலையாது, ஆனால் திரும்பி வர ஒழுங்கான வழி இல்லையே. மெர்ஜுக்கு --அபார்ட் (நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது) உண்டு, ரீபேஸுக்கும் உண்டு. ஸ்டாஷ் பாப்புக்கு அப்படி ஒன்று கிடையாது. பாதி பாப் ஆகி நிற்கும்போது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். துடைக்கிற கட்டளை எது? ரீசெட் ஹார்ட். புதிதாக வந்த தம்பியிடம் இப்போதுதான் அந்தப் பக்கம் போகாதே என்றோம்.

சரி, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஸ்டாஷை ட்ராப் செய்துவிட்டாலும் உடனே மண்ணாகிவிடாது. ட்ராப் ஆகும்போது ஒரு நீண்ட ஹாஷ் எண்ணைத் திரையில் காட்டும். டெர்மினலை மூடவில்லை என்றால் அதை எடுத்து கிட் ஸ்டாஷ் அப்ளை என்று எழுதிப் பக்கத்தில் ஒட்டினால் திரும்பி வந்துவிடும். மூடிவிட்டால் கிட் எஃப்எஸ்சிகே --அன்ரீச்சபிள் காட்டும் கமிட்டுகளில் தேட வேண்டும்.

---

குயின்_ஸ்ட்ரீட் | பினாங்கு | மாலை 5.10

நகல் போட்டேன். பிராஞ்ச் திறந்தேன். .என்வ் ஏற்கெனவே கிட்இக்னோரில் இருந்தது, பட்டியலில் வரவில்லை. கமிட் ஆகிவிட்டது, இப்போதுதான் மூச்சு வருகிறது.

மெர்ஜுக்கு முன் ஒரு கேள்வி. பக்கத்து மேசைக்காரர் சொன்னபடி ரீசெட் ஹார்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் எத்தனையோ முறை அடித்திருக்கிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம்.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | மாலை 5.34

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர் கையில் அப்போது ஒன்றும் இல்லை என்று பொருள்.

ரீசெட் ஹார்ட், கண்காணிப்பில் இருக்கும் கோப்புகளையெல்லாம் கடைசி கமிட்டின் நிலைக்கு இழுத்துவிடும். நடுவில் நீங்கள் எழுதியதைக் கிட் எங்கேயும் எடுத்து வைக்காது, கேட்கவும் கேட்காது. கிட் செக்அவுட் புள்ளி, கிட் ரீஸ்டோர் புள்ளி இரண்டும் அதே சாதி. கிட் க்ளீன் -எஃப்டி இன்னும் மோசம். புதுக் கோப்புகளையே டிஸ்கிலிருந்து நீக்கும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. க்ளீன் போடும் முன் -என் சேர்த்து ஒருமுறை ஓட்டினால் எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும்.

மீட்க முடியுமா என்பது எழுதியது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பொறுத்தது.

கமிட் ஆகியிருந்தால் கவலையே இல்லை. பிராஞ்சை அழித்தாலும், ரீசெட் அடித்தாலும், கிட் ரீஃப்ளாக்கில் அந்தக் கமிட்டின் எண் இருக்கும். ஹெட் (நீங்கள் நிற்கும் கமிட்) எங்கெங்கே போனது என்ற குறிப்பு அது. வழக்கமான அமைப்பில் 90 நாள் நிற்கும், எந்தப் பிராஞ்சிலும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் கமிட்டுகளுக்கு 30 நாள். அந்த எண்ணை வைத்துப் புது பிராஞ்ச் திறந்தால் வேலை முடிந்தது. ஆனால் இது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் குறிப்பு. புதிதாக க்ளோன் எடுத்தால் கூட வராது.

கமிட் ஆகவில்லை, ஆனால் கிட் ஆட் போட்டிருந்தீர்கள் என்றால் பாதிப் பிழைப்பு. ஆட் போட்ட நிமிடத்தில் இருந்த உள்ளடக்கத்தைக் கிட் தன் கிடங்கில் வைத்திருக்கும். கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட் அடித்தால் .கிட் ஃபோல்டருக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற இடத்தில் கொட்டும். கோப்பின் பெயர் இருக்காது, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், ராத்திரி முழுக்க ஆகலாம்.

ஆட் கூடப் போடவில்லை என்றால் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை. எடிட்டரைக் கேளுங்கள். விஎஸ் கோடில் டைம்லைன் என்று ஒரு பகுதி உண்டு. 2022 மார்ச் பதிப்பிலிருந்து நீங்கள் சேவ் செய்யும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. ஜெட்பிரைன்ஸ் எடிட்டர்களில் லோக்கல் ஹிஸ்டரி அதே வேலையைச் செய்யும். இரண்டும் கிட்டுக்குச் சம்பந்தமில்லாதவை, அதனால்தான் கிட் அழித்ததை அவை வைத்திருக்கின்றன.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா | கோலாலம்பூர் | மாலை 5.40

இதோடு ஒன்று. கமிட் பண்ணாத மாற்றங்களோடு மெர்ஜ் தொடங்க வேண்டாம் என்று கிட்டின் கையேடே எச்சரிக்கிறது. கான்ஃப்ளிக்ட் வந்து --அபார்ட் அடித்தால், மெர்ஜுக்கு முன் நீங்கள் வைத்திருந்த கமிட் ஆகாத மாற்றங்களை அதால் எல்லா நேரமும் மீட்டுத் தர முடியாது. தம்பி இப்போது கமிட் போட்டுவிட்டதால் அந்தக் கவலை இல்லை. தைரியமாக மெர்ஜ் அடிக்கலாம். பிடிக்கவில்லையா, கிட் மெர்ஜ் --அபார்ட், பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும்.

நான் கிளம்புகிறேன், மோனோரெயில் பிடிக்க வேண்டும். ராத்திரி பார்க்கிறேன்.

---

குயின்_ஸ்ட்ரீட் | பினாங்கு | மாலை 6.05

அடித்தேன், வந்துவிட்டது. பில் மொத்தம் போடும் கோப்பில் இப்படி நிற்கிறது (மாறிகளின் பெயரைத் தமிழாக்கிப் போடுகிறேன்):

<<<<<<< ஹெட்
மொத்தம் = தொகை + தொகை * விகிதம்(வகை)
=======
மொத்தம் = ஐந்துசென்(தொகை + தொகை * 0.06)
>>>>>>> ஒரிஜின்/மெயின்

மேலே இருப்பது என்னுடையது. கீழே வந்திருப்பது சக ஊழியருடையது. விஎஸ் கோடில் மேலே சின்ன எழுத்தில் பொத்தான்கள் வருகின்றன: இப்போதையதை வை, வருவதை வை, இரண்டையும் வை. என்னுடையதை வைத்தால் போதும்தானே? அவருடையதில் இன்னும் 0.06 இருக்கிறது, அது பழசு.

---

பட்டர்வொர்த்_பெர்ரி | பினாங்கு | மாலை 6.12

ஆமாம், உங்களுடையதை வையுங்கள்.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | மாலை 6.14

வைக்காதீர்கள்! பெர்ரி அண்ணே, பெரியவர் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

தம்பி, இந்த இரண்டு வரியை மட்டும் பார்த்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. இருவரும் எங்கிருந்து கிளம்பினீர்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் கோப்புக்கு மட்டும் இதை அடியுங்கள்:

கிட் செக்அவுட் --கான்ஃப்ளிக்ட்=இசட்டிஃப்3 பில்_மொத்தம்.பிஒய்

குறிகளைப் புதிதாகப் போட்டுத் தரும். அந்தக் கோப்பில் ஏற்கெனவே ஏதாவது கையால் திருத்தியிருந்தால் அது போய்விடும், கவனம். கிட் 2022 ஜனவரியில் வந்த 2.35-க்கு முந்தையது என்றால் இசட் இல்லாமல் டிஃப்3 போடுங்கள்.

---

குயின்_ஸ்ட்ரீட் | பினாங்கு | மாலை 6.21

இப்படி வந்தது (அவர்ஸ் என்றால் என் பக்கம், தெயர்ஸ் என்றால் மெயின்):

<<<<<<< அவர்ஸ்
மொத்தம் = தொகை + தொகை * விகிதம்(வகை)
||||||| பேஸ் 
மொத்தம் = தொகை + தொகை * 0.06
=======
மொத்தம் = ஐந்துசென்(தொகை + தொகை * 0.06)
>>>>>>> தெயர்ஸ்

ஓ. நடுவில் இருப்பதுதான் இருவருக்கும் பொதுவான பழைய வரி. அவர் 0.06-ஐத் தொடவே இல்லை. ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுவதை வெளியே சுற்றியிருக்கிறார். நான் என்னுடையதை வைத்திருந்தால் அது போயிருக்கும்.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | மாலை 6.30

அதேதான். நீங்கள் மாற்றியது விகிதம், அவர் மாற்றியது சில்லறை. இரண்டும் வேண்டும்:

மொத்தம் = ஐந்துசென்(தொகை + தொகை * விகிதம்(வகை))

"இரண்டையும் வை" பொத்தானை அமுக்கினால் இது வந்திருக்காது. இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று, கீழே இருப்பது மேலே இருப்பதை அடித்துவிட்டு அறை வாடகைக்கும் 6 போட்டிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதக் கடைசியில் கணக்கர்தான் கண்டுபிடிப்பார்.

நடுவில் பழைய வரியைக் காட்டும் இந்த முறையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்: கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் இசட்டிஃப்3. இதை ஏன் ஆரம்பத்திலிருந்தே இயல்பாக வைக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

---

பட்டர்வொர்த்_பெர்ரி | பினாங்கு | மாலை 6.38

சரி சரி, நான் சொன்னது அவசரம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஐந்து சென் சரிக்கட்டல் 2008 ஏப்ரலில் ஒரு சென்னைக் கைவிட்டபோது வந்தது. காசாகக் கொடுத்தால்தான் அது. கார்டில் தட்டினால் சென் வரைக்கும் அப்படியே எடுப்பார்கள். அந்தச் சக ஊழியர் எல்லா பில்லுக்கும் சுற்றியிருக்கிறார் போலிருக்கிறதே?

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா | கோலாலம்பூர் | இரவு 8.15

பெர்ரி கேட்டது நல்ல கேள்வி. தம்பி, இதற்கு விடை கோடில் கிடைக்காது. கிட் லாக் --மெர்ஜ் அடித்துப் பாருங்கள். கான்ஃப்ளிக்ட் ஆன கோப்பைத் தொட்ட கமிட்டுகளை இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டும். அவர் செய்தியில் என்ன எழுதியிருக்கிறார், ஏன் சுற்றினார் என்று பார்த்துவிட்டு, நேரில் போய்க் கேளுங்கள். ஒரே அலுவலகம்தானே, தே தாரிக் ஒன்று வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார். அடுத்தவருடைய வரியை அவரைக் கேட்காமல் திருத்துகிற பழக்கம் மட்டும் வேண்டாம், அது தப்பாகவே இருந்தாலும்.

குறிகள் எதையும் கோப்பில் விட்டுவிடவில்லையே என்று பார்க்க கிட் டிஃப் --செக். அந்த ஏழு சமக்குறி வரி தப்பித்து மெயினுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் பயனர் திரையில் தெரியும் பக்கத்தில்.

அப்புறம், கான்ஃப்ளிக்ட் காட்டாத கோப்புகளையும் சும்மா விடாதீர்கள். வரி போடும் ஃபங்ஷனுக்கு நீங்கள் வகை என்று ஒன்றைப் புதிதாகக் கேட்க வைத்திருக்கிறீர்கள். மெயினில் அவர் ஒரு புதிய கோப்பில் அதே ஃபங்ஷனைப் பழைய முறையில் அழைத்திருந்தால் கிட் வாயே திறக்காது. ஒரே இடத்து வரிகள் இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் அது சத்தம் போடும். டெஸ்ட் இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் அறையும் சாப்பாடும் சேர்ந்த ஒரு பில்லாவது போட்டுப் பாருங்கள். மெர்ஜை கமிட் செய்வது அதற்கப்புறம்.

---

கடைசி_பஸ் | கோலாலம்பூர் | இரவு 9.02

நடுவில் புகுந்து கேட்கிறேன். நான் ரீபேஸ் போடுகிற ஆள். அதில் எந்தப் பக்கம் என்னுடையது என்று எப்போதும் குழம்பிவிடுகிறது.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | இரவு 9.10

குழம்பத்தான் செய்யும், ரீபேஸில் பக்கம் மாறிவிடும். மெர்ஜில் ஹெட் என்றால் நீங்கள். ரீபேஸில் கிட் முதலில் மெயினின் நுனியில் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வைக்கிறது. அதனால் மேலே ஹெட் என்று தெரிவது மெயின், கீழே வருவது நீங்கள். --அவர்ஸ் போட்டால் மெயினுடையது நிற்கும், --தெயர்ஸ் போட்டால் உங்களுடையது. ஸ்டாஷ் பாப்பிலும் அப்படித்தான்: மேலே அப்டேட்டட் அப்ஸ்ட்ரீம், கீழே ஸ்டாஷ்டு சேஞ்சஸ். அங்கேயாவது பெயரை உடைத்து எழுதியிருக்கிறார்கள்.

ரீபேஸ் முடிந்து புஷ் மறுத்தால் வெறும் --ஃபோர்ஸ் போடாதீர்கள், --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது அந்தப் பிராஞ்சில் ஏற்றியிருந்தால் நிறுத்திவிடும்.

---

பட்டர்வொர்த்_பெர்ரி | பினாங்கு | இரவு 9.18

ஒரே கான்ஃப்ளிக்டை ரீபேஸில் திரும்பத் திரும்பத் தீர்க்கிறவர்களுக்கு: கிட் கான்ஃபிக் --குளோபல் ரிரிரி.எனேபிள்டு ட்ரூ. ஒருமுறை தீர்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதுவே போட்டுத் தரும். தப்பாகத் தீர்த்திருந்தால் தப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அப்போது கிட் ரிரிரி ஃபர்கெட் என்று எழுதி அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

---

ஆய்தம் | கோலாலம்பூர் | இரவு 10.40

நல்ல இழை. என் பிரச்சினை கொஞ்சம் வேறு. ஒரு செயலியின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று கான்ஃப்ளிக்ட் வந்த வரிகள் இவை:

<<<<<<< ஹெட்
"பொருள்களைத் தேர்வு செய்"
=======
"பொருள்களைத் தேர்வு செய்"
>>>>>>> ஒரிஜின்/மெயின்

எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பின்னால் ஸ்பேஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வரி முடிவு விண்டோஸ் பாணியா லினக்ஸ் பாணியா என்று பார்த்தேன், இரண்டும் ஒன்றே. கோப்பு முழுக்க இப்படி நிறைய வரிகள். கண் கட்டு வித்தை மாதிரி இருக்கிறது.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | இரவு 10.58

கான்ஃப்ளிக்ட் ஆன வரிகளில் எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள். பொ, கோ, தொ, போ.

---

ஆய்தம் | கோலாலம்பூர் | இரவு 11.04

ஆமாம்! அவை இல்லாத வரி ஒன்றில்கூட கான்ஃப்ளிக்ட் இல்லை.

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | இரவு 11.25

அப்போது யூனிகோட்தான். "பொ" என்பதில் இருக்கும் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியீடாக வைக்கலாம், அது 3 பைட். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், அது 6 பைட். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் விதி, திரையிலும் ஒரே மாதிரிதான் வரும். கிட்டுக்கு அந்த விதி கிடையாது. அது பைட்டைத்தான் ஒப்பிடும், பைட் வேறு என்றால் வரி வேறு. யாரோ ஒருவர் கோப்பை எழுத்துரு மாற்றி வழியாகவோ பழைய ஸ்கிரிப்ட் வழியாகவோ ஓட்டியிருப்பார், அது பிரித்துப் போட்டிருக்கும்.

இந்த மெர்ஜைக் கையால் தீர்க்காதீர்கள், விடிந்துவிடும். மெர்ஜ் --அபார்ட் அடியுங்கள். உங்கள் பிராஞ்சில் கோப்பு முழுவதையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் போதும், சின்ன ஸ்கிரிப்ட். அதை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள், வேறு எந்தத் திருத்தமும் அதில் கலக்க வேண்டாம். மெயினில் இருப்பவர்களையும் அதே ஸ்கிரிப்டை ஓட்டித் தனி கமிட் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பைட் ஆன பிறகு மெர்ஜ் செய்தால், மிஞ்சுவது நிஜமான கான்ஃப்ளிக்ட் மட்டும்தான்.

ஔகாரத்தில் மட்டும் கண் வையுங்கள். "கௌ" என்பதன் கடைசித் துண்டுக்குத் தனிக் குறியீடு உண்டு. பலர் அந்த இடத்தில் ளகர எழுத்தையே தட்டிவிடுகிறார்கள், பார்க்க ஒன்றுதான். யூனிகோட் கணக்கில் அது வேறு எழுத்து, என்எஃப்சி அதைச் சேர்த்து வைக்காது. கையால்தான் தேட வேண்டும்.

---

ஆய்தம் | கோலாலம்பூர் | நள்ளிரவு 12.20

ஸ்கிரிப்ட் ஓட்டினேன். மெயினைப் பார்த்துக்கொள்பவரும் விழித்திருந்தார், அவரும் ஓட்டிவிட்டார். மலைபோல் இருந்தது போய் நாலைந்து வரிதான் மிச்சம், அதுவும் உண்மையான சொல் தகராறு: "பயனர்" வேண்டுமா "பயனாளர்" வேண்டுமா. அதைத் தீர்க்கக் கிட்டால் ஆகாது, தனி இழை தொடங்க வேண்டும் :)

---

குயின்_ஸ்ட்ரீட் | பினாங்கு | புதன், காலை 10.30

வந்த உடனே சக ஊழியரைப் பிடித்தேன். பெர்ரி அண்ணன் சொன்னது சரி. காசு பில்லுக்கு மட்டும்தான் சுற்ற நினைத்தாராம், கார்டுப் பகுதியை அடுத்த கமிட்டில் பிரிப்பதாக இருந்தாராம். அதை அவரே தனியாகச் செய்துகொள்கிறார். நான் இரண்டும் சேர்ந்த வரியை வைத்து மெர்ஜை முடித்தேன். அக்கா சொன்ன மாதிரியே, கான்ஃப்ளிக்ட் காட்டாத ஒரு கோப்பில் பழைய அழைப்பு ஒன்று இருந்தது. அறையும் சாப்பாடும் சேர்ந்த பில் போட்டபோதுதான் உடைந்தது.

இப்போது அடுத்தது. வேலை இன்னும் பாதியில் இருக்கிறது, அதற்குள் கவுண்டர் பிரிண்டரில் ஒரு அவசரப் பிழை என்று மேலாளர் நிற்கிறார். மறுபடி பாதி கமிட் போட்டு மெயினுக்குப் போக வேண்டுமா?

---

செந்தூல்_டிப்போ | கோலாலம்பூர் | காலை 10.41

போகவே வேண்டாம். இருந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

கிட் வொர்க்ட்ரீ ஆட் -பி அவசரம் ../அவசரம் ஒரிஜின்/மெயின்

பக்கத்தில் புதிய ஃபோல்டர் ஒன்று மெயினின் நிலையில் திறக்கும். ரெப்போ (கிட் கிடங்கு) ஒன்றுதான், ஃபோல்டர் இரண்டு. அங்கே பிழையைத் திருத்தி கமிட், புஷ். முடிந்ததும் கிட் வொர்க்ட்ரீ ரிமூவ் ../அவசரம். கமிட் பண்ணாத மாற்றம் அங்கே ஏதாவது இருந்தால் ரிமூவ் மறுக்கும், அப்போது --ஃபோர்ஸ் போடாமல் என்ன மிச்சம் என்று பாருங்கள். இக்னோரில் இருக்கும் .என்வ் புது ஃபோல்டருக்கு வராது, நீங்கள்தான் நகல் எடுத்து வைக்க வேண்டும். ரிமூவ் போடும்போது அது ஃபோல்டரோடு போய்விடும், அதற்காக மறுக்காது.

---

ஆய்தம் | கோலாலம்பூர் | காலை 11.15

கடைசியாகச் சின்னக் கேள்வி. எங்கள் கோப்புப் பெயர்கள் சில தமிழில் இருக்கின்றன. கிட் ஸ்டேட்டஸில் அவை \340\256\225 என்று எண்களாகக் கொட்டுகின்றன. எந்தக் கோப்பில் கான்ஃப்ளிக்ட் என்றே படிக்க முடியவில்லை.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா | கோலாலம்பூர் | காலை 11.22

அந்த மூன்று எண்ணும் சேர்ந்தால் "க". கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ் என்று ஒருமுறை அடியுங்கள், தமிழாகவே காட்டும்.